பெயரில்லாத மழையும் பாலிசிக் காகிதமும்

எங்கள் பக்கத்தில் புயல் என்றால் அதற்கு ஒரு வருஷமோ பெயரோ இருக்கும். 1964 என்றால் தனுஷ்கோடி. 2018 என்றால் கஜா. 2020 என்றால் புரெவி. மன்னார் வளைகுடாவில், கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றுகொண்டு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி பெய்த மழைக்குப் பெயரே கிடையாது. பெயர் வைக்கும் அளவுக்குக் கடலில் அன்று புயல் எதுவும் இல்லை. ஆனால் பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர் கொட்டியது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். மேகவெடிப்பு என்றார்கள்.

தண்ணீர் வடிந்ததும் கடைத்தெருவில் நான் கேட்ட முதல் பேச்சே இதுதான்: "புயலே வரலையே, இன்சூரன்ஸ்காரன் எப்படிக் குடுப்பான்?" இதை நம்பி, பாலிசி கையில் இருந்தும் தகவல் சொல்லாமலே விட்டவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., மூன்று பாலிசிகளைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா. 5 கோடி வரை சொத்துள்ள சின்னக் கடை, தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. மூன்றிலும் புயல், சூறாவளி, சுனாமியோடு வெள்ளமும் நீர் சூழ்தலும் அடக்கம். வானிலைக்காரர்கள் பெயர் வைத்தார்களா என்று பாலிசி கேட்பதில்லை. தண்ணீர் வந்ததா, அதனால்தான் பொருள் கெட்டதா என்பதுதான் கேள்வி.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா நகல், வாரிய விண்ணப்பம், பாஸ்போர்ட் பதிவு என்று ஆன்லைன் வேலைகளும் செய்து கொடுக்கிறேன். மெஷின் வாங்க வங்கியில் கடன் எடுத்தபோது கடையோடு சேர்த்து சூக்ஷ்ம பாலிசி போட்டார்கள். அன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீர். பெரிய ஜெராக்ஸ் மெஷின், தரையில் இருந்த சி.பி.யூ.க்கள், யு.பி.எஸ்., கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பேப்பர் பண்டல் எல்லாம் போயின. என் கிளெய்மை நானே எழுதினேன் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "அக்கா, இதுல கையெழுத்து போடலாமா?" என்று கேட்டுக் கேட்டே பாதித் தெருவின் பாலிசியை நான் படித்து முடித்தேன். கீழே சொல்வதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

தண்ணீர் வடிந்த உடனே எல்லோருக்கும் கை போகிற இடம் சுவிட்ச் போர்டு. மெஷின் ஓடுகிறதா பார்த்துவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். மின்கசிவாலோ ஷார்ட் சர்க்யூட்டாலோ ஒரு மின்சாதனம் தனக்குத்தானே எரிந்துபோனால் அதை இந்த மாதிரி பாலிசிகள் ஏற்பதில்லை. தண்ணீர் புகுந்து கெட்ட மெஷினுக்குப் பணம் உண்டு. தண்ணீர் புகுந்த மெஷினை நீங்கள் ஓட்டிப் பார்த்து அது புகைந்தால், கெட்டது எதனால் என்று ஒரு வாதம் கிளம்பும். அந்த வாதத்துக்கு இடமே கொடுக்கக்கூடாது. நான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு, 'போர்டு வரை நீர் புகுந்துள்ளது' என்று அவருடைய லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். அந்த ஒரு தாள்தான் பின்னால் ரொம்பப் பேசியது.

அடுத்து, கழுவுவது. நம் ஊர்ப் பெண்களுக்கு வீட்டில் சேறு கிடந்தால் மனசு பொறுக்காது, விளக்குமாற்றை எடுத்துவிடுவோம். அதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் போனுக்குக் கொடுங்கள். ரோட்டில் நின்று கடையின் பெயர்ப்பலகை தெரிய வீடியோவை ஆரம்பித்து, நிறுத்தாமல் அப்படியே உள்ளே நடந்து போக வேண்டும். வெட்டி ஒட்டாத ஒரே வீடியோ என்றால் இது எந்தக் கடை என்று யாரும் கேட்க முடியாது. சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கும். அதன் பக்கத்தில் டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு படம். மெஷினுக்குப் பின்னால் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் தகட்டுக்கு ஒரு படம். நனைந்த சரக்கை எண்ண முடிகிற மாதிரி அடுக்கி ஒரு படம். இதெல்லாம் ஆன பிறகு நனையாத பொருளை மேலே ஏற்றுவது, ஈரத்தைத் துடைப்பது எல்லாம் செய்யலாம், செய்யவும் வேண்டும். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதும் பாலிசிக்காரரின் கடமை என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. கிளெய்ம் போட்டிருக்கிறோம், அப்படியே கிடக்கட்டும் என்று நல்ல சரக்கையும் சேற்றில் விட்டுவைத்தால் அதற்குப் பணம் வராது.

தகவல் சொல்வதை எழுத்தில் செய்யுங்கள். ஏஜென்ட்டிடம் போனில் சொன்னேன், 'பார்த்துக்கிறேன்'னு சொன்னார் என்பதெல்லாம் தகவல் ஆகாது. பாலிசியில் அச்சிட்டிருக்கும் நம்பருக்குப் போன் செய்து கிளெய்ம் எண் வாங்கி, அன்றைக்கே ஈமெயிலும் அனுப்பினேன். பெரிய இங்கிலீஷ் எல்லாம் வேண்டாம். பாலிசி எண், கடை முகவரி, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் புகுந்தது, எவ்வளவு உயரம் நின்றது, என்னென்ன கெட்டது, உத்தேச நஷ்டம் எவ்வளவு, சர்வேயரை, அதாவது நஷ்டத்தை மதிப்பிடும் ஆளை, அனுப்புங்கள் என்று பத்து வரி. 'உத்தேச' என்ற சொல்லை விடாதீர்கள். முதல் நாள் அவசரத்தில் நாற்பதாயிரம் என்று எழுதிவிட்டு அப்புறம் ஒரு லட்சம் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். கிளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

இனி சர்வேயர். போலிகள் முதலில் நுழைந்ததும் இந்த வாசல் வழியாகத்தான்.

தண்ணீர் வடிந்த ஓரிரு நாளிலேயே கழுத்தில் அட்டை தொங்க, கையில் பேடு வைத்துக்கொண்டு ஒரு ஆள் பைக்கில் வந்தார். பேச்சில் மதுரைப் பக்கம் தெரிந்தது. "இன்சூரன்ஸ் சர்வே. எந்தக் கம்பெனி உங்களுக்கு?" என்றார். எனக்கு அங்கேயே இடித்தது. என்னைப் பார்க்க அனுப்பப்பட்ட ஆளுக்கு என் கம்பெனி எது என்று தெரியாதா? நான் கிளெய்ம் எண் என்ன என்று திருப்பிக் கேட்டேன். "அது ஆபீஸ்ல இருக்கு மேடம், இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் ரெண்டாயிரம் கட்டுனீங்கன்னா இன்னைக்கே ரிப்போர்ட் போயிடும்" என்றார். உங்கள் லைசென்ஸைக் காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிட்டார். அந்தக் கடைக்காரர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வெளியே போயிருந்தார். பையன் ரெண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டான். ரசீது வேறு கொடுத்திருக்கிறார் அந்த மனிதர், ரப்பர் ஸ்டாம்ப் அடித்து!

உண்மையான சர்வேயர் எப்படி வருவார் என்றால், நிறுவனம் அவர் பெயரையும் போன் நம்பரையும் உங்களுக்குக் குறுஞ்செய்தியிலோ ஈமெயிலிலோ முதலில் தெரிவிக்கும். அவர் கையில் உங்கள் கிளெய்ம் எண் இருக்கும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொடுத்த உரிமம் இருக்கும். எண்ணைச் சொல்லச் சொல்லி ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அவருக்கான கட்டணத்தை நிறுவனம் கொடுக்கும். உங்களிடம் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. டீசல், சாப்பாட்டுச் செலவு என்று எந்தப் பெயரிலும் கூடாது. டீ வாங்கிக் கொடுப்பது உங்கள் விருந்தோம்பல், அவ்வளவுதான். 2024-இல் ஆணையம் விதிகளைத் திருத்தியதில் காலக்கெடுவும் வந்துவிட்டது: சர்வேயர் நியமிக்கப்பட்ட 15 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஊரே மூழ்கும்போது இது இழுக்கத்தான் செய்யும். ஆனால் இழுத்தால் கேட்பதற்கு நம் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. சர்வே அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கலாம். கேட்காதவர்களுக்கு யாரும் கொண்டுவந்து தருவதில்லை.

எனக்கு வந்தவர் வயசானவர், பொறுமைசாலி. பார்த்துக்கொண்டே வந்தவர் பில் கேட்டார். இங்கேதான் சின்னக் கடைக்காரர்கள் விழுகிறோம். மெஷின் பில் வங்கியில் கடனோடு இருந்தது. பேப்பர், டோனர் வாங்கிய பில்கள் கீழ் டிராயரில் கூழாகியிருந்தன. ராமநாதபுரத்தில் நான் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரியிடம் நகல் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தது. ஜி.எஸ்.டி. கணக்கு வைத்திருக்கும் வியாபாரியிடம் சரக்கு எடுப்பதில் இப்படி ஒரு லாபமும் உண்டு. பில்லே இல்லாத இடங்களுக்கு வங்கிக் கணக்கில் போன பணம், யு.பி.ஐ. பட்டியல், வங்கிக்குக் கடனுக்காகக் கொடுத்த ஸ்டாக் கணக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். பழைய வாட்ஸ்அப்பில் கடைத் திறப்பு நாள் படம் ஒன்று இருந்தது; பின்னணியில் ராக் முழுக்கப் பேப்பர் பண்டல். அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை கடையை ஒரு வீடியோ எடுத்து எனக்கே ஈமெயில் அனுப்பி வைக்கிறேன். போன் நனைந்தாலும் அது நனையாது.

பணம் குறைவாக வந்தது என்று புலம்புகிறவர்கள் பலரும் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். பாதிப் பேர் விஷயத்தில் காரணம் பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருந்தது. பிரீமியம் குறையட்டும் என்று தொகையைக் குறைத்துப் போடுவது நம் பழக்கம். 6 லட்சம் சரக்கு உள்ள கடையை 3 லட்சத்துக்கு இன்சூர் செய்தால், 3 லட்சம் வரைக்கும் நஷ்டத்தை முழுசாகத் தருவார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்பதால் எந்த நஷ்டத்திலும் பாதிதான். 1 லட்சம் நஷ்டம் என்றால் 50,000. சூக்ஷ்ம பாலிசியில் குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதைத் தாண்டினால் கத்தி விழும். வீட்டுக்கான கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. கட்டடத்துக்குப் பாலிசி போட்டாலே வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேர்ந்துவிடும். இவ்வளவு நல்ல பாலிசியை எங்கள் தெருவில் ஓட்டு வீட்டுக்காரர்களும் மாடி வீட்டுக்காரர்களும் சேர்ந்தே எடுக்காமல் இருக்கிறார்கள். டிவிக்குக் கேபிள் கட்டணம் தவறாமல் கட்டுகிறோம்.

வங்கி போட்டுக் கொடுத்த பாலிசியில் இன்னொரு தொல்லை. வருஷா வருஷம் கணக்கில் பிரீமியம் பிடிப்பார்கள், காகிதம் கையில் வராது. எங்கள் வரிசையில் கயிறு, வலை, மிதவை விற்கும் அண்ணாச்சிக்கு அப்படித்தான். வெள்ளம் வந்த பிறகு வங்கியில் போய் நின்று நகல் வாங்கினால், பாலிசியில் கடை முகவரிக்குப் பதிலாக உச்சிப்புளியில் இருக்கும் அவர் வீட்டு முகவரி. காப்பீடு இடத்துக்குத்தான், வேறு இடத்தில் நனைந்த வலைக்கு எப்படித் தருவது என்று நிறுவனம் கை விரித்துவிட்டது. அண்ணாச்சி சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சொன்னேன்: "சண்டைய விடுங்கண்ணாச்சி. கடன் பத்திரத்துல எந்தக் கடைய அடமானம் காட்டுனீங்க?" கடன் ஒப்பந்தத்தில், வங்கி மேலாளர் ஆய்வு செய்த குறிப்பில், உள்ளாட்சி உரிமத்தில் எல்லாம் தங்கச்சிமடம் கடைதான் இருந்தது. அதையெல்லாம் வரிசையாக இணைத்து, முகவரி தவறாக எழுதப்பட்டது வங்கியின் படிவத்தில், சொத்து ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தோம்.

நிறுவனம் மறுத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஆன்லைனிலேயே மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான கிளெய்ம்களை எடுத்துக்கொள்கிறார்கள். தனி ஆட்களுக்கு மட்டுமல்ல, ஒருவரே முதலாளியாக நடத்தும் கடைகளுக்கும் குறுந்தொழில்களுக்கும் இந்த வழி உண்டு. நிறுவனம் மறுத்த ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும் என்பதுதான் முக்கியம். அண்ணாச்சியின் மனு அங்கே போன பிறகு நிறுவனமே பேச வந்தது. கேட்டதில் முழுசாக இல்லை, ஆனாலும் கௌரவமான தொகைக்கு முடிந்தது. பணம் வந்தது அவர் கைக்கு இல்லை, கடன் கணக்குக்கு. வங்கி அடமானம் உள்ள பாலிசியில் அப்படித்தான் எழுதியிருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை எதிர்பார்த்து நாள் குறிக்க மாட்டோம்.

கிளெய்ம் தீரும்போது 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட காரணத்தாலேயே அதிகத் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று 2015-இலேயே ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் தொகையில் சம்மதம் இல்லையென்றால் அந்த நாளிலேயே ஒரு ஈமெயில் தட்டிவிடுங்கள், 'எதிர்ப்போடு பெற்றுக்கொள்கிறேன்' என்று.

கருவாட்டுக் கிட்டங்கி வைத்திருக்கும் அக்காவின் கதை வேறு மாதிரி. நனைந்த சரக்கை வைத்திருக்க வேண்டும், சர்வேயர் பார்க்கணும் என்று யாரோ சொல்ல, அவர் சாக்கைத் தொடாமல் வைத்திருந்தார். நனைந்த கருவாடு எத்தனை நாள் தாங்கும்? தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. சண்டைக்கு வந்தார்கள். நியாயம் என்னவென்றால், கெட்ட பொருளை அனுமதியில்லாமல் தூக்கி எறியக்கூடாது. அதில் தேறுகிற மதிப்பைக் கழித்துத்தான் பணம் தருவார்கள். அழுகும் பொருளுக்கு ஒரு வழி இருக்கிறது. எடை போடும் தராசில் ஒவ்வொரு சாக்காக வைத்து முள்ளோ எண்ணோ தெரியப் படம் எடுத்து, 'சுகாதாரக் கேடாக உள்ளது, இன்ன தேதியில் புதைக்கப் போகிறோம், அதற்கு முன் யாராவது வந்து பாருங்கள்' என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, ஊராட்சியில் சொல்லி அவர்கள் முன்னிலையில் புதைத்து, அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கினோம். சர்வேயர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அந்த அக்காவிடம்தான் கமிஷன் ஆசாமி வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, டீக்கடையில் எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு. 'கிளெய்ம் கன்சல்டன்ட்'. வந்த பணத்தில் நூற்றுக்கு முப்பது அவருக்கு. முன்பணம் கொஞ்சம். மூன்று வெற்றுத் தாளில் கையெழுத்து, ஆதார் நகல், கேன்சல் செய்த காசோலை. "ஒரு லட்சம் நஷ்டத்த மூணு லட்சமாக் காட்டித் தர்றேன்க்கா, தூத்துக்குடில நம்ம ஆளு பில்லு போட்டுத் தருவான்." அக்காவுக்குக் கொஞ்சம் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். அக்காவிடம் நான் நல்லொழுக்கம் பேசவில்லை, கணக்குத்தான் பேசினேன். ஒரு பில் பொய் என்று தெரிந்தால் அந்த பில்லை மட்டும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். மொத்தக் கிளெய்மையும் தள்ளலாம் என்று பாலிசியில் மோசடி நிபந்தனை இருக்கிறது. போலி பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணைத் தட்டிப் பார்க்கச் சர்வேயருக்கு ஒரு நிமிஷம். மாட்டினால் கையெழுத்து அக்காவுடையது, கன்சல்டன்ட் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வெற்றுத் தாளில் கையெழுத்து என்றால் அந்த முப்பது எப்போது எழுபது ஆகும் என்றும் தெரியாது. அக்கா கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். எங்கள் தெருவிலேயே வேறு இரண்டு பேர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், அவர்களிடம் விவரம் கேட்டால் இன்றுவரை பேச்சை மாற்றுகிறார்கள்.

வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீரில் நின்ற பைக்கையும் காரையும் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஓட்டினால் உள்ளே உடையும். அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்ப்பு இல்லாவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்துக்குப் பைசா வராது. எங்கள் ஊர் பைக்குகளில் முக்கால்வாசிக்கும் அதுதான்.

நெல்லோ மிளகாயோ போட்டவர்களுக்கு விஷயமே தனி. பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற உதவி எண் இருக்கிறது. தனி வயல் அளவில் கணக்கிடும் பாதிப்புகளை 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது வெள்ளத்தில் இறந்திருந்தால், துக்கம் ஓய்ந்த பிறகு வங்கிப் பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் விபத்துக் காப்பீடு, 2 லட்சம். 436 ரூபாய் பிடித்திருந்தால் ஆயுள் காப்பீடு, அதிலும் 2 லட்சம். இரண்டும் இருந்தால் இரண்டையும் கேட்கலாம். இது தெரியாமலே அந்தப் பாஸ்புக்கை மூடி வைத்த வீடுகள் நம் கடற்கரையில் நிறைய இருக்கும் என்பது என் எண்ணம். நாட்டுப்படகுக்குப் பாலிசி வைத்திருப்பவரை நான் பார்த்ததே இல்லை. படகு, வலை சேதத்துக்கு மீன்வளத்துறையிடமும் வீட்டுச் சேதத்துக்கு வி.ஏ.ஓ.விடமும் மனு கொடுப்பது நிவாரணம். இன்சூரன்ஸோடு அதைக் குழப்ப வேண்டாம். ஒன்றை வாங்கினால் மற்றது வராது என்று கிளப்பிவிடுவார்கள். நிவாரண மனு கொடுத்ததற்காகப் பாலிசி கிளெய்மை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் மழை முடிந்து பத்து நாளில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. செய்தி டிவியில் ஓடிய கையோடு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது: 'ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் வெள்ள நிவாரணம், கீழே உள்ள செயலியை இறக்கிப் பதிவு செய்க'. அரசு முத்திரையும் இருந்தது, முதலமைச்சர் படமும் இருந்தது. இணைப்பு போனது ஒரு ஏ.பி.கே. கோப்புக்கு, அதாவது செயலியை நேராகப் போனில் நிறுவும் கோப்புக்கு. அதை நிறுவினால் போனுக்கு வரும் குறுஞ்செய்தி எல்லாம் அனுப்பிய மோசடிக்காரனுக்கும் போகும், ஓ.டி.பி. உட்பட. கடைக்கு வந்து "இத ஓப்பன் பண்ணித் தாங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் ரேஷன் கடையில் போய்க் கேட்கச் சொன்னேன். அரசு பணம் தருவதாக இருந்தால் ரேஷன் கடைக்காரருக்குத் தெரியாமல் வராது. 2023-இல் மிக்ஜாம் புயலுக்குச் சென்னையில் 6,000 ரூபாய் கொடுத்ததும் ரேஷன் கடை வழியாகத்தான்.

விசைப்படகு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஒருவரின் மகன் மாட்டியது வேறு வலையில். கார் கிளெய்ம் என்ன ஆனது என்று கேட்க, பாலிசியைத் தேடச் சோம்பல்பட்டு, கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர்' என்று தேடியிருக்கிறான். முதலில் வந்த நம்பருக்கு அடித்தான். எடுத்தவன் தமிழில், அதுவும் மரியாதையாக, "சார், உங்க கிளெய்ம் அப்ரூவ் ஆயிருச்சு, வெரிஃபிகேஷனுக்கு ஒரு ஆப் போட்டுக்கோங்க" என்றான். போன் திரையை அங்கிருந்தே பார்க்கும் செயலி அது. பிறகு ஒரு கோரிக்கை அனுப்பி, பணம் வர யு.பி.ஐ. பின் நம்பரைப் போடச் சொன்னான். பணம் வாங்க யு.பி.ஐ. பின் நம்பர் எப்போதும் தேவைப்படாது, அனுப்புவதற்குத்தான். படித்த பையன், அதெல்லாம் தெரியும். ஆனால் காரும் போய், கடலுக்கும் போக முடியாமல் வீட்டில் எல்லோரும் கடுகடுவென்று இருக்கும் நேரத்தில் 'அப்ரூவ் ஆயிருச்சு' என்ற சொல் காதில் விழுந்தால் தெரிந்ததும் மறந்துவிடும்.

போன பணம் போனதுதான் என்று சம்மாட்டி சொன்னார். நான் விடவில்லை, பையனைக் கடையிலேயே உட்கார வைத்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்கச் சொன்னேன். பணம் போன உடனே சொன்னால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் வங்கிகள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. பரிவர்த்தனை எண், நேரம், எந்த வங்கி, எவ்வளவு என்று கேட்டார்கள். குறுஞ்செய்தியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்புறம் சைபர் குற்றத் தளத்தில் எழுத்தாகவும் பதிந்தோம். வங்கிக்கும் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டோம். போனதில் ஒரு பகுதி வடக்கே ஏதோ ஒரு வங்கிக் கிளையில் முடக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் வந்தது. முடக்கிய பணத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள், மனு போட்டிருக்கிறார்கள். கார் கிளெய்ம்? அது தன்பாட்டுக்கு நடந்து, சர்வேயர் வந்து, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் பாதி கழித்து, ஒர்க்‌ஷாப்புக்கே நேராகப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்காக அவன் யாருக்கும் போனே செய்திருக்க வேண்டாம்.